முட்டையா, முட்டியா? பிள்ளையின் வாசிப்பை எந்த அளவுகோலால் பார்ப்பது

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாலை வகுப்பு எடுக்கிறேன். 2021ல் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 18 பிள்ளைகள். ஒரே அறை, தகரக் கூரை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளையின் குரல்கூடக் காதில் விழாது. அந்த மாதிரி நாளில் எடுத்த வாசிப்புக் கணக்கை நம்பி ஒரு பையனைக் கீழ்நிலையில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் மழை என்றால் படம் வரைதல்தான்.

"இவனுக்கு வாசிக்க வரலைங்க" என்று வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ சொல்லி அனுப்புவார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்னவோ ஒளிந்திருக்கும். எழுத்தே தெரியாமல் இருக்கலாம். எழுத்து தெரிந்தும் கூட்டி வாசிக்க வராமல் இருக்கலாம். கூட்டத் தெரிந்தும் வேகம் இல்லாமல் இருக்கலாம். கடகடவென்று வாசித்துவிட்டு ஒரு வரியும் புரியாமல் இருக்கலாம். வீட்டில் தமிழே பேசாத பிள்ளையாக இருக்கலாம். கண்ணாடி போட வேண்டிய பிள்ளையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்: பிள்ளை திணறுகிறது.

எதனால் திணறுகிறது என்று பார்க்க நம் கைக்கு எட்டும் வழிகள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் முயன்று பார்த்தாகிவிட்டது. எது எதற்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்கும், ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்பையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆசிரியர்களுக்கும், வீட்டிலேயே பார்த்துவிட நினைக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

ஒரு வழியை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். பாடப்புத்தகத்தைத் திறந்து "வாசி" என்று சொல்வது. வகுப்பில் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். பக்கத்தைத் திருப்ப மறந்துபோய், அடுத்த பக்கத்தில் இருப்பதையும் இதே பக்கத்தைப் பார்த்தபடியே 'வாசித்து' முடித்த ஒரு பையன் என்னிடம் இருந்தான். சோதனைக்குப் பிள்ளை இதுவரை கண்ணால் பார்க்காத பகுதி வேண்டும். ஆனால் அதில் வரும் பொருள்கள் பழகியவையாக இருக்க வேண்டும். கட்டுமரத்தையும் வலையையும் பற்றி ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டு, கடலையே பார்க்காத மலைப்பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று சொல்லக் கூடாது.

நானே எழுதி வைத்திருப்பதில் ஒன்று:

"காலையில் மூடுபனி இறங்கியது. பாட்டி கூடையைத் திறந்து கோழிகளை வெளியே விட்டாள். ஒரு கோழி மட்டும் வரவில்லை. பாட்டி குனிந்து பார்த்தபோது அது முட்டையின் மேல் படுத்திருந்தது."

நாலு வாக்கியம், 20 சொல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இதை வாசித்தார்கள். ஒன்று லைன் வீட்டுப் பெண் பிள்ளை. அவள் வாசித்தது இப்படி:

"காலைல மூடுபனி இறங்குச்சு. பாட்டி கூடையத் தெறந்து கோழிகள வெளிய விட்டா. ஒரு கோழி மட்டும் வரல. பாட்டி குனிஞ்சு பாத்தப்ப அது முட்டை மேல படுத்திருந்துச்சு."

எடுத்துக்கொண்டது 20 விநாடி. இன்னொருவன் பையன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து, 40 விநாடியில்:

"காலையில் மூடு... பானி இறங்கியது. பாட்டி குடையைத் திறந்து கோழிகளை வெளியே விட்டாள். ஒரு கோழி மட்டும் வரவில்லை. பாட்டி குனிந்து பார்த்தபோது அது முட்டியின் மேல் படுத்திருந்தது."

இந்த இரண்டு வாசிப்பையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவுகோலாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஏசர். பிரதம் அமைப்பு 2005லிருந்து ஊர் ஊராக வீட்டு வாசலில் வைத்து நடத்தும் சோதனை. ஒரே ஒரு தாள்: எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் நாலு வாக்கியப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பத்தியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வாக்கியமாக வாசித்து, தப்பும் மூன்றுக்கு மேல் போகாவிட்டால் கதைக்கு ஏற்றலாம். இல்லையென்றால் சொற்களுக்கு இறங்கி, ஐந்தில் நாலு சரியா என்று பார்ப்பது. அதுவும் இல்லையென்றால் எழுத்து. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் ஒரு மாலையில் கற்றுக்கொண்டு மறுநாள் செய்யலாம். 18 பேரையும் இரண்டு மாலையில் பார்த்து முடித்து, யார் எந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்று பிரித்துவிடலாம். இதற்கு இதைவிடச் சுலபமான கருவி எனக்குத் தெரியாது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இந்தப் பிரிப்பு ஏற்கெனவே நடந்திருக்கும். 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. ஆசிரியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். (பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. 'நான் மொட்டு' என்று சொல்லும்போது எந்தப் பிள்ளையின் முகமும் வாடுவதில்லை.) அவர் சொன்னதையே எடுத்துக்கொள்ளலாம், நாமும் ஒருமுறை அதே வேலையைச் செய்யத் தேவையில்லை.

சரி, நம் இரண்டு பேரும் ஏசரில் எங்கே விழுகிறார்கள்? பையனுக்கு மூன்று தப்பு. மெதுவாக வாசித்தாலும் வாக்கியமாகத்தான் வாசித்தான். பாஸ், கதைக்குப் போகலாம். பெண்ணுக்குச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 20ல் 13 தாளில் இருப்பது போல இல்லை. முதல் வருடம் நான் அப்படித்தான் எண்ணினேன். அவளைச் 'சொல் நிலை' என்று எழுதிக் கீழ்க் கூட்டத்தில் உட்கார வைத்தேன். பத்து நாள் கழித்து, பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கு அவள் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவதைப் பார்த்தபிறகுதான் என் கணக்கு எனக்கே உறைத்தது.

தாளின் மேல் பழி போட முடியாது. அது ஒரு மாவட்டத்தில், ஒரு மாநிலத்தில் எத்தனை பிள்ளைகள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காகப் பிறந்தது. படி எண்ணைச் சொல்லும். ஏன் அந்தப் படியில் கால் இடறுகிறது என்று சொல்லாது.

இரண்டாவது, ஒரு நிமிடச் சோதனை. கடிகாரத்தை வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்லைச் சரியாக வாசிக்கிறது என்று எண்ணுவது. ஈக்ரா என்ற பெயரில் பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 2021ல் வந்த நிபுண் பாரத் திட்டமும் இந்தக் கணக்கைத்தான் பேசுகிறது: இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60. வேகத்தைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக முட்டி மோதி ஒரு சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் அதன் தலை மறந்துபோகும். வாக்கியம் முடிவதற்குள் வாக்கியமே மறந்துபோகும்.

ஆனால் 'சொல்' என்பது எல்லா மொழியிலும் ஒரே நீளம் இல்லை. 'கூடையை' என்று நாம் ஒட்டி எழுதுவதை இந்தியில் இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள். 'படுத்திருந்தது' ஒரே சொல், எட்டு எழுத்து. 60 என்ற எண்ணைத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் அப்படியே வைத்தால் பாரம் கூடுதல். 2022ல் என்.சி.இ.ஆர்.டி. என்ற மத்திய அரசின் கல்வி அமைப்பு 20 மொழிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி ஓர் ஆய்வு நடத்தியது. அதில் மொழிக்கு மொழி தனித்தனி அளவு வைத்ததும் இதனால்தான்.

நம் பையனின் கணக்கு: 40 விநாடியில் 17 சொல் சரி, நிமிடத்துக்கு 25 சொச்சம். பெண்ணின் கணக்குதான் வேடிக்கை. பேச்சு வழக்கைத் தப்பு என்று வைத்தால் 20 விநாடியில் ஏழு சொல், நிமிடத்துக்கு 21. தப்பில்லை என்று வைத்தால் 60. ஒரே பிள்ளை, ஒரே வாசிப்பு. 21க்கும் 60க்கும் நடுவில் இருப்பது பிள்ளையின் திறமை இல்லை, தாள் வைத்திருப்பவரின் முடிவு.

இன்னொன்று, கடிகாரம் பிள்ளையின் முகத்தையே மாற்றிவிடுகிறது. போனை எடுத்து நேரம் வைத்ததுமே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிறுத்தற்குறியெல்லாம் தாண்டி, ரயில் விடுவது போல ஓட்டும் பிள்ளைகள் உண்டு. நல்ல வாசிப்பு என்றால் வேகம் என்று அவர்களுக்கு நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிறது. இப்போது நான் நேரத்தைப் பிள்ளைக்குத் தெரியாமல்தான் பார்க்கிறேன். குரலைப் போனில் பதிவு செய்தாலே போதும், எத்தனை விநாடி என்று அதுவே காட்டும். தப்பில்லாமல் வாசிக்கிற, ஆனால் ஆமை வேகத்தில் போகிற பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கு உதவும். அதுவும் போன தடவை அதே பிள்ளை எடுத்ததோடு ஒப்பிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு இல்லை.

மூன்றாவது வழிதான் என் கட்சி. தப்பை எண்ணாமல் எழுதிக்கொள்வது. நியூசிலாந்தில் மேரி கிளே என்ற அம்மையார் உருவாக்கியது. பிள்ளை வாசிக்க வாசிக்க ஆசிரியர் பக்கத்தில் ஒரு தாளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே போவார். அமெரிக்காவில் கென்னத் குட்மன் என்பவர் 1960களில் இதே பக்கம் இன்னொரு வழியாக வந்தார். பிள்ளை மாற்றி வாசிப்பதைத் தப்பு என்றே அவர் சொல்லவில்லை. பிள்ளையின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் என்றார். அவருடைய கொள்கை முழுவதையும் நான் ஏற்கவில்லை. எழுத்தைப் பார்க்காமல் ஊகத்தாலேயே வாசிப்பு வந்துவிடும் என்கிற அளவுக்கு அதை இழுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் ஜன்னல் என்பது சரிதான்.

இப்படிக் குறி போட்ட தாளைக் குறித்தாள் என்று சொல்கிறேன். தமிழுக்கு நான் வைத்திருக்கும் குறிகள் இவை. சரியாக வாசித்தால் ஒரு டிக். மாற்றி வாசித்தால் அந்தச் சொல்லின் மேல், காதில் விழுந்தபடியே எழுதிவிடுவேன். விட்டுவிட்டால் ஒரு கோடு. தானே திரும்பிவந்து திருத்தினால் 'தி'. அது தப்பில் சேராது. நான் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தால் 'சொ', அது தப்பு. இரண்டு தடவை வாசித்தால் ஓர் அம்புக்குறி, அதுவும் தப்பில்லை. கடைசியாக நானே சேர்த்துக்கொண்டது 'பே': எழுத்தில் உள்ளதைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டது. எத்தனை வந்தாலும் தப்பில் சேராது, ஆனால் குறித்து வைப்பேன்.

பெண்ணின் தாளில் 13 'பே'. தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயே விட்டுவிடவும் கூடாது. எழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் பேச்சில் சொல்கிறாளா, அல்லது முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொண்டு போகிறாளா என்று தெரிய வேண்டும். 'விட்டாள்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இதில் கடைசி எழுத்து என்ன?" என்றேன். "ள்." "அப்ப எழுதியிருக்கிற மாதிரியே ஒரு தடவை வாசி." வாசித்தாள், கொஞ்சம் ராகம் போட்டு, மேடையில் பேசுவது போல. முடித்ததும், "அந்தக் கோழி ஏன் வரலை?" என்று கேட்டேன். "அது அடை படுத்திருக்குக்கா." 'அடை' என்ற சொல் பத்தியில் எங்கேயும் கிடையாது. இதற்கு மேல் அவளிடம் என்ன சோதிப்பது?

பையனின் தாளைப் பாருங்கள். மூன்று தப்பு: பனி, பானி. கூடை, குடை. முட்டை, முட்டி. மூன்றிலும் மெய்யெழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. ப, ன, க, ட எல்லாம் சரியாக இருக்கின்றன. பிசகியது உயிர்க்குறி மட்டும்தான். பையனுக்கு எழுத்து தெரியும், கூட்டவும் தெரியும்; துணைக்கால், சுழி, கொம்பு, ஐகாரச் சங்கிலிதான் இன்னும் கண்ணில் தங்கவில்லை. 247 எழுத்தையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கும் வேலை இதோடு மிச்சம்.

இந்த வகைத் தப்பு தமிழில் சாதாரணம். காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. உகரத்துக்கு ஒரே குறிகூடக் கிடையாது: கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து இன்னொரு மாதிரி. கூ, பூ, தூ மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், மூன்றும் ஒரே 'ஊ' என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பையனிடமும் கேள்வி கேட்டேன். "பாட்டி எதைத் திறந்தாங்க?" "குடைய." "ஏன்?" "பனி பெய்யுதுல்ல." "கோழி எங்க படுத்திருந்துச்சு?" "பாட்டி முட்டி மேல." குனிந்த பாட்டி, முட்டி மேல் ஏறிப் படுத்த கோழி. தப்பாக வாசித்த சொற்களை வைத்துக்கொண்டு அவன் ஒரு முழுக் கதையைக் கட்டிவிட்டான்! மந்தமான பிள்ளை செய்கிற காரியமா இது? ஏசர் தாளில் 'பத்தி வாசிக்கிறான்', நிமிடக் கணக்கில் '25, பின்தங்கியவன்' என்ற இரண்டுமே இந்தப் பையனைத் தொடவில்லை.

சதவீதமும் உண்டு. சரியான சொல்லை மொத்தச் சொல்லால் வகுத்து நூறால் பெருக்கினால் வரும். 95ம் அதற்கு மேலும் என்றால் பகுதி அவனுக்குச் சுலபம், 90 முதல் 94 என்றால் கூட உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஏற்றது, 90க்குக் கீழே என்றால் கடினம். பையனுக்கு 85. ஆனால் 20 சொல்லில் ஒரு தப்புக்கே ஐந்து சதவீதம் போய்விடும். இந்த எண் நிற்க வேண்டுமென்றால் 100 சொல்லாவது வாசிக்க வைக்க வேண்டும். நான் இப்படிப்பட்ட ஐந்து துண்டுகளை இரண்டு மூன்று நாளில் வாசிக்கச் சொல்லி ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே மூச்சில் 100 சொல் என்றால் திணறும் பிள்ளைக்கு அது தண்டனை.

காதையும் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை சொல்லைத் தெரிந்து வாசிக்கிறதா, எழுத்தாகக் கூட்டுகிறதா என்று தமிழில் ஒலியே காட்டிக்கொடுத்துவிடும். 'தம்பி'யில் வரும் 'பி'யை நாம் மெலிதாகச் சொல்கிறோம். 'பிடி'யில் வருகிற 'பி' போல வல்லென்று சொன்னால், அந்தப் பிள்ளை இன்னும் தம்பியைப் பார்க்கவில்லை, மூன்று எழுத்தைத்தான் பார்க்கிறது. சொல்லி முடித்துவிட்டு, ஒரு விநாடி நின்று, "ஓ, தம்பி!" என்று மெலிதாகத் திரும்பச் சொன்னால் அங்கே ஒரு 'தி' போடலாம். அதேபோல 'ழ'வை 'ள' என்று சொல்வதை வாசிப்புத் தப்பில் சேர்க்காதீர்கள். வாழைப்பழம் விற்கிறவரிடம் போய் நீங்களே எப்படிக் கேட்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் குறை, நேரம். ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் ஆகிவிடும். பிள்ளை வாசிக்கும்போதே குறி போடக் கை பழகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆகும். முதலில் போனில் பதிவு செய்துகொண்டு, ராத்திரி சமையல் முடித்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டுத்தான் போட்டேன். 18 பேருக்கும் இதைச் செய்ய ஆசைப்பட்டால் வகுப்பு எடுக்க நேரம் இருக்காது. அப்புறம், இரண்டு பேர் குறி போட்டால் இரண்டும் ஒன்றாக இருக்காது. எது 'பே', எது தப்பு என்று பேசி முடிவு செய்துகொண்டால்தான் தாளை ஒருவர் மற்றவரிடம் கொடுக்க முடியும்.

போன் செயலியைப் பற்றியும் கேட்கிறார்கள். கூகுள் 2019ல் 'போலோ' என்று கொண்டுவந்து அடுத்த வருடம் 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றியதில் தமிழும் இருக்கிறது. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தியா என்ற ஒரு பொம்மைப் பெண் நட்சத்திரம் கொடுப்பாள். பயிற்சிக்கு நல்லது. வெட்கப்படுகிற பிள்ளைகூட அதனிடம் வாய் திறக்கிறது. சோதிக்க என்றால் வேண்டாம். ஒரு சொல்லில் எந்த எழுத்தில் எதனால் பிசகியது என்று எனக்குச் சொல்வதற்கு அது பிறக்கவில்லை.

இதுவரை சொன்ன எல்லாவற்றோடும் சேர்த்து இரண்டு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. நீலகிரியில் அதைச் செய்யாமல் எந்தப் பிள்ளைக்கும் வாசிக்க வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பேன். பத்தியை நாமே நிதானமாக வாசித்துக் காட்டி, கேள்வியை மட்டும் பிள்ளையிடம் கேட்பது. காதால் கேட்டு விடை சொல்லிவிட்டால் தமிழ் புரிகிறது, சிக்கல் வாசிப்பில். கேட்டும் புரியவில்லை என்றால் சிக்கல் வாசிப்பில் இல்லை, மொழியில். எழுத்தை ஒலியாக்குவதும் மொழி புரிவதும் சேர்ந்ததுதான் வாசிப்பு என்று 1986ல் கஃப், டன்மர் என்ற இருவர் எழுதினார்கள். எங்கள் மலையில் அதை நிரூபிக்க ஆராய்ச்சி தேவையில்லை, வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் போதும். ஹட்டி என்கிற படுகர் ஊரிலிருந்து வரும் பிள்ளை வீட்டில் படுகு பேசும். கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் கன்னடமும் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளின் மொழிகளும் ஒரே பெஞ்சில் உட்காரும். இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மலையகத் தமிழ். இப்போது கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது பள்ளிக்கூட மொழி மட்டும்.

முதல் வகுப்பில் ஒரு படுகச் சிறுமிக்குச் சொல் அட்டை காட்டினேன். 'பால்' என்று எழுதியிருந்தது. "ஹாலு" என்றாள். அடுத்த அட்டை 'பத்து'. "ஹத்து." ஏசர் விதிப்படி இரண்டும் தப்பு. யோசித்துப் பார்த்தால், எழுத்தை வாசித்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் வீட்டு மொழியில் மாற்றியும் சொல்லிவிட்டாள். ஒரு வேலை கொடுத்தால் மூன்று வேலை! என் 'பே' குறிக்குப் பக்கத்தில் அன்றைக்கு 'வீ' என்று இன்னொரு குறி சேர்ந்தது, வீட்டு மொழி.

கடைசி வழி, நிபுணரிடம் போவது. இதில் இரண்டு தப்பைப் பார்க்கிறேன். சிலர் ஒன்றாம் வகுப்பிலேயே "டிஸ்லெக்சியாவா இருக்குமோ" (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று பயந்து கோவைக்கு ஓடுகிறார்கள். சிலர் ஐந்தாம் வகுப்பு முடிகிற வரை "போகப் போகச் சரியாகிடும்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் அந்தச் சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் போவதில் தப்பில்லை, ஆனால் உறுதியாகச் சொல்லும்படி கேட்டு நச்சரிப்பதில் பயனில்லை. மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்த் திரும்ப ஒரு முழு நாள். தோட்டத்தில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் முதலில் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் போவது நல்லது. கையில் தேதி போட்ட குறித்தாள் நாலைந்து இருந்தால், "வாசிக்க வரலைங்க" என்று சொல்வதைவிட அது பத்து மடங்கு பேசும்.

கண்ணும் காதும் மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. வரியைத் தவறவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவது, தாளை மூக்கில் ஒட்டிக்கொள்வது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது இதில் ஏதாவது இருந்தால் முதல் வாரமே கண் பரிசோதனை. பள்ளி மூலமாக இலவசக் கண்ணாடிக்கு வழி இருக்கிறது. சளி பிடித்துக் காது அடைத்த பிள்ளைக்கு ஒலி சரியாகக் கேட்காமல் போகலாம். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் அப்படி நாலு பேராவது உண்டு.

இனி, என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் செய்வதைச் சொல்கிறேன். ஜூனில் எல்லோருக்கும் ஏசர் மாதிரி ஒரு தாள், பேச்சு வழக்கையும் வீட்டு மொழியையும் தப்பில் சேர்க்காமல். அதில் தடுமாறுகிற நாலைந்து பேருக்கு நாமே வாசித்துக் காட்டிக் கேள்வி. தமிழ் புரிகிறவர்களுக்குக் குறித்தாள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தமிழே புரியாதவர்களுக்கு வாசிப்பை ஒத்திவைத்துவிட்டுப் பேச்சு, கதை, பாட்டு. நிமிடக் கணக்கு, தப்பில்லாமல் மெதுவாக வாசிப்பவர்களுக்கு மட்டும். மூன்று மாதம் ஒரே வகைத் தப்பைக் குறிவைத்துச் சொல்லிக்கொடுத்தும் தாள் அசையவில்லை என்றால் சிறப்பாசிரியர். வீட்டில் ஒரே பிள்ளையைப் பார்க்கும் அம்மா அப்பாவுக்கு முதல் தாளே வேண்டாம், நேராகக் குறித்தாளுக்குப் போய்விடலாம்.

அந்தப் பையனுக்கு ஆறு வாரம் வேறு எதுவும் செய்யவில்லை. குடை-கூடை, முட்டி-முட்டை, படம்-பாடம், கொடு-கோடு என்று இரட்டைச் சொற்களைச் சீட்டில் எழுதி, படத்தோடு ஜோடி சேர்க்கும் விளையாட்டு மட்டும், தினமும் பத்து நிமிடம். பிறகு அவன் பார்க்காத இன்னொரு பத்தி, அதுவும் 20 சொல். தப்பு இரண்டு. ஏசர் கணக்கில் மூன்று இரண்டானது, அவ்வளவுதான். அதே படியில்தான் நிற்கிறான். நேரம்கூட 40லிருந்து 46 விநாடி ஆகியிருந்தது. ஆனால் தாளில் நாலு இடத்தில் 'தி' விழுந்திருந்தது. 'தோடு' என்று எழுதியிருந்ததைத் 'தொடு' என்று வாசித்தான். நின்றான். விரலைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கொம்பின் மேல் வைத்து, "இல்லக்கா, இது நீளம்" என்றான்.